ஃபைபர் மீன்பிடி படகு கட்டக் கொடுக்கும்போது "எத்தனை எம்எம்"னு மட்டும் கேட்டா போதுமா?

எட்டு மீட்டர் திறந்த ஃபைபர் படகு ஒண்ணு மீன்பிடிக்கக் கட்டக் கொடுக்கப் போறேன், கட்டுறவர் "அடியில 6 எம்எம் போட்டுத் தர்றேன், கல்லு மாதிரி நிக்கும்"ங்கிறார், இதுக்குன்னு ஸ்டாண்டர்ட் ஏதாச்சும் இருக்கா, இல்ல அவர் சொல்றதுதான் கணக்கான்னு கேட்டிருந்தீங்க.

ஸ்டாண்டர்ட் இருக்கு, நாலஞ்சு இருக்கு. ஆனா அதுல எதுவுமே "6 எம்எம் போட்டா போதும்"னு ஒத்த வரியில முடிக்காது. ஏன் முடிக்காதுங்கிறதுதான் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க புரிஞ்சுக்க வேண்டியது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். மோல்டுக்குள்ள ரோலர் பிடிச்சு லேமினேட் (கண்ணாடி இழையை ரெசின்ங்கிற பிசின்ல ஊறவச்சுப் போடுற அடுக்கு) போட்டும் இருக்கேன், அப்புறம் கட்டி முடிச்ச படகுகளை சோதிக்கிற வேலையும் பார்த்திருக்கேன், ரெண்டு பக்கத்துல இருந்தும் தெரிஞ்சதைத்தான் சொல்றேன்.

முதல்ல ஒரு சம்பவம். ஒரு படகுல தண்ணி வடிகிற துவாரத்துக்காக ட்ரான்சம் (படகோட பின்பக்கச் சுவர்) கிட்ட அடித்தட்டுல வட்டமா வெட்டி எடுத்த துண்டு, உள்ளங்கை அளவு இருக்கும், அதை நான் தூக்கிப் போடாம எடுத்து வச்சிருந்தேன். வெர்னியர் வச்சு அளந்தா 5.5 எம்எம், பில்லுல இருந்ததும் கிட்டத்தட்ட அதேதான். சரி பார்த்துடலாம்னு அதை லேப் சூளையில சுமார் 600 டிகிரியில போட்டோம். ரெசின் மொத்தமும் எரிஞ்சு போயிடும், கண்ணாடி இழை மட்டும் வெள்ளையா சாம்பல் மாதிரி மிஞ்சும், ஆனா சாம்பல் இல்ல, அடுக்கு அடுக்காவே இருக்கும். சாமணத்தால ஒவ்வொரு அடுக்கா உரிச்சு எடுத்து வெள்ளைப் பேப்பர்ல வரிசையா வச்சேன். பில்லுல மேட்டும் (துண்டு இழை விரிப்பு) ரோவிங்கும் (நெசவு இழைத் துணி) சேர்த்து 6 அடுக்குன்னு இருந்துச்சு. வந்தது 4, நாலுமே மேட்டு, நெசவு ரோவிங் ஒண்ணுகூட இல்ல. தடிமன் சரியா இருந்துச்சு, ஏன்னா மிச்சத்தை ரெசின் ஊத்தி நிரப்பியிருந்தாங்க. அந்தப் படகோட சொந்தக்காரர் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தார், பேப்பர்ல கிடந்த அந்த நாலு வெள்ளைத் துண்டையும் அவர் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கல. அதுல இருந்து நான் யாருகிட்டயும் தடிமனை முதல் கேள்வியா கேக்கறதில்ல. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் கண்ணாடி, எந்த வரிசையில, அதை எழுதிக் கொடுங்கன்னுதான் கேப்பேன். அந்தக் காகிதத்துக்குப் பேரு லேமினேட் ஷெட்யூல். அது இல்லாம ஒரு படகு கட்டுறாங்கன்னா எந்த ஸ்டாண்டர்டும் அங்க உள்ள நுழையவே வழி இல்லை.

இதை எண்ணுல காட்டுறேன், கணக்கு சிம்பிள்தான். கையால போடுற வேலையில சாப்டு ஸ்ட்ராண்ட் மேட்டு, அதான் துண்டு இழை மேட்டு, எடையில சுமார் 30 சதவீதம் கண்ணாடி, மிச்சம் 70 ரெசின்னு வரணும். நெசவு ரோவிங் கொஞ்சமாத்தான் ரெசின் குடிக்கும், அதுல கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வரும். 450 கிராம் மேட்டு ஒரு அடுக்கு ஒழுங்கா உருட்டினா ஏறக்குறைய 1 எம்எம் வரும், 600 கிராம் ரோவிங் 0.8 எம்எம் வரும். இப்ப உதாரணத்துக்கு ஒரு வரிசை வச்சுக்கங்க (உங்க படகுக்கு இதைப் போடுங்கன்னு சொல்லல, கணக்குக்காக மட்டும்): ஜெல்கோட்டுக்கு (வெளிப்பக்க வழவழப்புப் பூச்சு) அடுத்து 300 கிராம் மேட்டு, அப்புறம் 450 மேட்டு, 600 ரோவிங், 450 மேட்டு, 600 ரோவிங், கடைசியா 450 மேட்டு. கூட்டினா சதுர மீட்டருக்கு 2,850 கிராம் கண்ணாடி, தடிமன் சுமார் 5.4 எம்எம். இதே 5.4 எம்எம்மை வெறும் மேட்டுலயே, ரெசினை தாராளமா ஊத்தி, கண்ணாடி 22 சதவீதம்தான் இருக்கிற மாதிரி கொண்டு வந்தா எவ்வளவு கண்ணாடி போதும் தெரியுமா? 1,600 கிராம் சொச்சம். கண்ணாடி கிட்டத்தட்ட பாதி குறைஞ்சு போச்சு, ஆனா வெர்னியர்ல ரெண்டும் ஒண்ணுதான், கையால தட்டிப் பார்த்தாலும் ஒண்ணுதான், வித்தியாசம் கடல்ல ஒரு பெரிய அலையில இருந்து அடி தொப்புனு விழும்போதுதான் தெரியும். இழுவிசையைத் தாங்குறது கண்ணாடி இழை, ரெசினோட வேலை இழைகளைக் கட்டிப் பிடிச்சு வைக்கிறது. ரெசின் அதிகமான இடம் இறுகும்போது சுருங்கும், நொறுங்குற குணம் வரும், முடி மாதிரி விரிசல் முதல்ல அங்கதான் விழும்.

இனி ஸ்டாண்டர்டுக்கு வர்றேன். 24 மீட்டரும் அதுக்கு மேலயும் உள்ள மீன்பிடிக் கப்பல்களுக்கு 2012 கேப்டவுன் ஒப்பந்தம்னு சர்வதேச உடன்படிக்கையே இருக்கு. உங்க படகு மாதிரி சின்னதுக்கு அந்த மாதிரி கட்டாயப்படுத்துற உலக அளவுச் சட்டம் கிடையாது, அந்தந்த நாட்டு விதிதான். ஆனா எஃப்ஏஓ, ஐஎல்ஓ, ஐஎம்ஓன்னு ஐ.நா.வோட உணவு, தொழிலாளர், கப்பல் துறை அமைப்புகள் மூணும் சேர்ந்து 12 மீட்டருக்குக் கீழ உள்ள மேல்தளம் போட்ட படகுகளுக்கும், எந்த நீளமா இருந்தாலும் தளம் இல்லாத திறந்த படகுகளுக்கும் பாதுகாப்புப் பரிந்துரைகள் 2012ல வெளியிட்டாங்க. இது பரிந்துரைதான், ஆனா மீன்பிடி படகையே மனசுல வச்சு எழுதினது, ஃபைபர் கட்டுமானத்துக்குன்னு தனி இணைப்பும் இருக்கு. அடுத்து ஐஎஸ்ஓ 12215, இது படகோட ஓடு, அதாவது உடம்பு, எவ்வளவு பலமா இருக்கணும்னு சொல்ற, பல பாகமா இருக்கிற தொடர், இதுல 1ஆம் பாகம் ரெசின் கண்ணாடி பத்தி, 4ஆம் பாகம் ஷெட்டும் தயாரிப்பு முறையும், 5ஆம் பாகம்தான் உயிர்நாடி, அழுத்தத்தைக் கணக்குப் போட்டு தடிமனுக்கு வர்ற வழி அதுல இருக்கு, 6ஆம் பாகம் இணைப்பு விவரங்கள். நிலைப்பும் மிதப்பும் ஐஎஸ்ஓ 12217ல, அதுல 3ஆம் பாகம் 6 மீட்டருக்குக் குறைஞ்சதுக்கு. இந்த ஐஎஸ்ஓ ரெண்டும் முக்கியமா உல்லாசப் படகை நினைச்சு வளர்ந்தது, இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி சொல்றேன். இது போக நார்டிக் போட் ஸ்டாண்டர்ட் இருக்கு, நீள அகலத்தை வச்சு அட்டவணையில இருந்து நேரா தடிமன், கண்ணாடி எடை எடுக்கலாம், கணக்கு அதிகம் தெரியாத சின்ன ஷெட்டுக்கு அது வசதி.

எல்லாத்துக்கும் பொதுவா முதல் கேள்வி ஒண்ணுதான்: எந்தக் கடல்ல ஓடப் போகுது? நாலு வகை. டி வகைன்னா 0.3 மீட்டர் அலை, எப்பவாவது 0.5, அதாவது அடங்கின தண்ணி. சி வகை 2 மீட்டர் அலை வரைக்கும். பி வகை 4 மீட்டர் வரைக்கும். அதுக்கு மேல ஏ. இது வெறும் பேரு இல்லங்க, 12215 கணக்குல இந்த வகைக்கு ஒரு பெருக்கு எண் உண்டு, ஏ-க்கு 1, பி-க்கு 0.8, சி-க்கு 0.6, டி-க்கு 0.4. அதாவது ஏரியில ஓடுற படகுக்கு வச்ச கணக்கை அப்படியே எடுத்து கரைக்கடல்ல ஓடுற படகுக்குப் போட்டா, வர வேண்டிய அழுத்தத்துல மூணுல ஒரு பங்கை நீங்க கணக்குல இருந்து விட்டுட்டீங்கன்னு அர்த்தம். கட்டுறவர்கிட்ட "இது சி-யா பி-யா"னு கேளுங்க. பதில் சொல்ல முடியலைன்னா அவர் கெட்டவர்னு நினைக்க வேண்டாம், நல்ல கைத்தொழில் தெரிஞ்ச நிறைய பேருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கல, அவ்வளவுதான். ஆனா கணக்கு யாராவது ஒருத்தர் போட்டாகணும்.

அடுத்தது தாங்கல் இல்லாத அகலம், இதைத்தான் நான் எல்லாரையும் பிடிச்சு உக்காரவச்சு விளக்குவேன். ஃபைபர் பலமான பொருள்தான், ஆனா விறைப்பு ரொம்பக் கம்மி. இரும்போட விறைப்பு 200 கிகாபாஸ்கல், மேட்டு லேமினேட்டுக்கு 6, 7தான். அதனால அடித்தட்டு ஒரு பெரிய பலகையா சும்மா விரிஞ்சு கிடந்தா, ஒவ்வொரு அலைக்கும் உள்ள போய் வெளிய வரும், வெயில்ல தகர டப்பா டொக்கு டொக்குனு அடிக்கும் பாருங்க அந்த மாதிரி. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. கொஞ்ச வருஷத்துல லேமினேட் களைச்சுப் போகும். இதைத் தடுக்கத்தான் உள்பக்கம் தாங்கலா நீளவாக்குல ஓடுற ஸ்ட்ரிங்கரும், குறுக்கால விலா எலும்பு மாதிரி வர்ற வங்கும். ஸ்டாண்டர்டுல வர்ற ஃபார்முலாவைப் பார்த்தீங்கன்னா, தேவையான தடிமன் தாங்கலுக்குத் தாங்கல் உள்ள இடைவெளிக்கு நேர் விகிதத்துல ஏறும், அழுத்தத்துக்கு அதோட வர்க்கமூலத்துலதான் ஏறும். 500 எம்எம் இடைவெளிக்கு 7 எம்எம் வேணும்னா, அதையே 350 எம்எம் ஆக்கினா சுமார் 5 எம்எம் போதும். ஆக "6 எம்எம் போடுறேன்"ங்கிறதுக்கு அர்த்தமே இல்ல, எந்த இடைவெளிக்கு 6 எம்எம்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பேச்சு வேற தளத்துக்குப் போயிடும். இன்னொண்ணு, 12215ல ஒற்றைத் தோல் (நடுவுல ஃபோம் வைக்காத) லேமினேட்டுக்கு உடையுற பலத்துல பாதியைத்தான் வேலைக்கு எடுத்துக்கணும், மீதி பாதி களைப்புக்கும் தண்ணி ஊறலுக்கும் வேலைக் குறைக்கும் ஒதுக்கி வச்ச இடம். ரெசின் கூட்டி கண்ணாடி குறைச்ச படகு அந்த ஒதுக்கீட்டை ஷெட்லயே சாப்பிட்டுட்டு வெளிய வருது.

ஸ்ட்ரிங்கர் பத்தி சொல்லும்போது ஒண்ணு. நடுவுல வைக்கிற ஃபோம் வெறும் அச்சுதான், பலம் அது மேல போடுற கண்ணாடியில இருக்கு, அதனால ஃபோம் மேல ரெண்டு அடுக்கு சும்மா போர்த்தி விட்டா ஸ்ட்ரிங்கர் ஆகாது. அதோட ரெண்டு பக்க சிறகும் அடித்தட்டுல நல்லா அகலமா படிஞ்சு ஒட்டணும், படிப்படியா மெலிஞ்சு முடியணும், சட்டுனு வெட்டின மாதிரி முடியக்கூடாது. பல்க்ஹெட் பலகை (உள்ள குறுக்கால நிக்கிற தடுப்பு) நேரா ஓட்டுல போய் முட்டக்கூடாது, அங்க ஒரு கடினப் புள்ளி உண்டாகும், வெளியில இருந்து பார்த்தா அந்தக் கோட்டுலயே விரிசல் தெரியும். நடுவுல மெல்லிய ஃபோம் பட்டை வச்சு, ஓரத்தை உருட்டி, அது மேல கண்ணாடி போட்டு ஒட்டணும். திறந்த படகுல குறுக்குப் பலகை இருக்கே, உக்கார்றதுக்குன்னு நினைச்சு வலை வைக்க இடம் வேணும்னு அறுத்து எடுத்துடறாங்க, தயவுசெஞ்சு எடுக்காதீங்க, திறந்த படகுல ரெண்டு பக்கமும் விரியாம பிடிச்சு நிக்கிறதே அதுதான். எடுத்தே ஆகணும்னா அதே வேலையைச் செய்யற வங்கு வேற வச்சுட்டு எடுங்க.

உல்லாசப் படகு ஸ்டாண்டர்டை மட்டும் நம்பக்கூடாதுன்னு சொன்னேன்ல, அதுக்குக் காரணம் சுமை. ஞாயித்துக்கிழமை ஓடுற படகும் தினம் ஓடுற படகும் ஒண்ணு இல்ல. உங்க படகுல வலை இழுக்கும்போது மொத்த எடையும் ஒரு பக்க விளிம்புல விழும், அந்த விளிம்பு கயிறு உரசி உரசியே தேயும். கரையில ஏத்தி இறக்குற படகா இருந்தா ஏரா (அடியில நடுவுல நீளமா ஓடுற முதுகு) மணல்ல இழுபடும், ஜெல்கோட் முதல் மாசமே போயிடும், அப்புறம் லேமினேட்டே தேய ஆரம்பிச்சு அது வழியா தண்ணி உள்ள ஊறும். அதனால ஏராவுல, அணியத்துல (முன்முனையில), பக்கமும் அடியும் சேர்ற மூலையில, ட்ரான்சம் ஓரத்துல கூடுதல் அடுக்கு போடணும், வலது பக்கத்து அடுக்கும் இடது பக்கத்து அடுக்கும் ஏராவைத் தாண்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வந்தா அங்க தானாவே தடிமன் இரட்டிப்பாகும், அதுதான் சரியான முறை. அதுக்கு மேல தேயறதுக்குன்னே ஒரு பட்டை, மரமோ பிளாஸ்டிக்கோ, கழட்டி மாத்துற மாதிரி. அதை மாட்டுற ஆணித் துளையில தண்ணி போகாம பார்த்துக்கணும். மத்த இடத்துல மேட்டும் மேட்டும் சேர்ற இடத்துல குறைஞ்சது 50 எம்எம் மேலேறணும், ஒரே இடத்துல எல்லா அடுக்கு இணைப்பும் விழக்கூடாது, தள்ளித் தள்ளி விழணும்.

வேகமும் அப்படித்தான். பழைய ஓட்டுல பெரிய என்ஜின் மாட்டி 10 நாட் ஓடினதை 14 நாட் ஓட்டுறாங்க. வேகம் 1.4 மடங்குதானேன்னு தோணும், ஆனா அலையில மோதற ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதே மாதிரி இன்னொருத்தர் படகையே மோல்டா எடுத்து நடுவுல கொஞ்சம் நீட்டி, அகலமும் உயரமும் கூட்டி "அதே படகு, கொஞ்சம் பெருசு"ன்னு விக்கிறது. எல்லா அளவையும் 15 சதவீதம் கூட்டினா எடை ஒன்றரை மடங்கு ஆகும், ஆனா அடுக்கு அதே அடுக்கு, வங்கு அதே வங்கு, இடைவெளி மட்டும் கூடிப்போச்சு. மூலப் படகு இருபது வருஷம் ஓடியிருக்கலாம், அதை நம்பி இதை வாங்க முடியாது.

ட்ரான்சம் பத்தி ரெண்டு வார்த்தை. வெளிய மாட்டுற என்ஜினோட உதைப்பு முழுசும் அந்தப் பலகையிலதான். உள்ள ப்ளைவுட் இருக்கும், கடல்தரம் இல்லாத ப்ளைவுட்டைப் போட்டு மூடிட்டா வெளிய தெரியாது, போல்ட் துளை வழியா தண்ணி இறங்கி உள்ளேயே மக்கும். துளையைப் பெருசாப் போட்டு, ரெசின் மக்கு அடைச்சு, காஞ்சதும் அதுக்குள்ள சரியான அளவுல மறுபடி துளை போட்டா மரத்துல தண்ணி படாது. பத்து நிமிஷ வேலை. ட்ரான்சம்ல இருந்து ஸ்ட்ரிங்கருக்கு முட்டு கொடுத்திருக்காங்களான்னும் பாருங்க.

இப்ப ஷெட். ஸ்டாண்டர்ட்ல பாதி காகிதத்துல இருக்குன்னா பாதி ஷெட்ல இருக்கு. 18ல இருந்து 25 டிகிரி, காத்துல ஈரம் கம்மி, நேர் வெயில் மோல்டு மேல படக்கூடாது, மேட்டு ரோல் ஈரமில்லாத இடத்துல பிரிக்காம இருக்கணும். ஈரம் பிடிச்ச மேட்டுல ரெசின் ஒழுங்கா ஊறாது, அப்புறம் தண்ணிக்குள்ள கிடக்கும்போது ஜெல்கோட்டுக்கு அடியில கொப்புளம் கொப்புளமா எழும்பும். பாலியஸ்டர் ரெசின்ல ஆர்த்தோ, ஐசோன்னு ரெண்டு வகை, ஆர்த்தோவை விட ஐசோ தண்ணியைத் தாங்கும், முழுப் படகுக்கும் முடியலைன்னா ஜெல்கோட்டும் அதுக்கு அடுத்த மேட்டுமாவது ஐசோவுல போடச் சொல்லுங்க. ஜெல்கோட் 0.4ல இருந்து 0.6 எம்எம், அதுக்கு மேல போனா வெடிக்கும், கீழ போனா சுருங்கி முதலைத் தோல் மாதிரி ஆகும். ஹார்டனர் எம்ஈகேபி 1ல இருந்து 2 சதவீதம், சீக்கிரம் மோல்டுல இருந்து எடுக்கணும்னு அள்ளி ஊத்துறதும் தப்பு, குளிர்னு தெரியாம குறைச்சு ஊத்தி அரைகுறையா வேகவிடறதும் தப்பு. அளந்து ஊத்துறாங்களா, மூடியில குத்துமதிப்பா ஊத்துறாங்களான்னு பத்து நிமிஷம் நின்னு பாருங்க, மீதி வேலையும் எப்படி இருக்கும்னு தெரிஞ்சிடும். ஷெட்ல வேலை செய்யறவங்களுக்காக இதையும் சொல்லிடறேன், எம்ஈகேபியையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசின்ல முழுசா கலந்த பிறகுதான் ஹார்டனர். எம்ஈகேபி ஒரு சொட்டு கண்ணுல பட்டா கூட பார்வை போகலாம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம யாரையும் விடாதீங்க.

ரெண்டு ரோவிங்கை அடுத்தடுத்து போடக்கூடாது, நடுவுல ஒரு மேட்டு வரணும், இல்லைன்னா அடுக்குகள் பின்னாடி பிரியும். ஒரே மூச்சுல எல்லா அடுக்கையும் போட்டா சூடு ஏறி வெந்து போகும், அதே நேரம் ஒரு நாள் ரெண்டு நாள் விட்டுட்டு வந்து காஞ்சது மேல அப்படியே போட்டாலும் பிடிக்காது, தேச்சு சொரசொரப்பாக்கிட்டுத்தான் போடணும். லீவு முடிஞ்சு வந்து தேய்க்காமப் போட்ட ஒரு பக்கத்தட்டை நான் வெறும் உளியால உரிச்சு எடுத்திருக்கேன், ஏடு உரிக்கிற மாதிரி வந்துச்சு.

லேமினேட் ரெசின்ல கலர் கலக்கச் சொல்லாதீங்க, கலர் ஜெல்கோட்ல மட்டும் போதும். கலர் இல்லாத லேமினேட்டை உள்பக்கம் இருந்து பார்த்தா காத்துக் குமிழி, ரெசின் ஊறாத வெள்ளை இழை எல்லாம் அப்பட்டமாத் தெரியும். உள்பக்கம் பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி நான் வந்து பார்ப்பேன்னு முதல்லயே பேசி வச்சுக்கங்க, இதை எழுதியே வாங்கிக்கங்க.

அடுத்து மிதப்பு, ஆள் உயிரைக் காப்பாத்தறது இதுதான், ஆனா விலை பேசும்போது முதல்ல வெட்டுறதும் இதைத்தான். மரப்படகு தண்ணி நிரம்பினாலும் மரம் மிதக்கும். ஃபைபர் தண்ணியை விட ஒன்றரை மடங்கு கனம், உள்ள மிதப்புப் பொருள் இல்லைன்னா தண்ணி நிரம்பினதும் கல்லு மாதிரி அடிக்குப் போகும். கணக்கு இப்படி: ஃபைபர் தண்ணிக்குள்ள தன் எடையில மூணுல ஒரு பங்கு சொச்சம்தான் கனக்கும். ஓடு 700 கிலோன்னா 245 கிலோ. வெளி என்ஜின் 80 கிலோ, முழுசாவே எடுத்துக்கங்க. நங்கூரம், ஈயம் எல்லாம் சேர்த்து 50. நாலு பேர் உள்ள உக்காந்திருக்க இடுப்பளவு தண்ணின்னா அவங்க எடையில பாதி, 150. மொத்தம் 525. நல்ல மூடின செல் ஃபோம் ஒரு கன மீட்டர் கடல் தண்ணியில கிட்டத்தட்ட 980 கிலோ தூக்கும், ஆக 0.54 கன மீட்டர் வேணும், ஃபோம் கொஞ்சம் கொஞ்சமா ஈரம் குடிக்கும்ங்கிறதுக்காக நான் 0.7ன்னு வைப்பேன். எங்க வைக்கிறாங்கங்கிறது அளவை விட முக்கியம். தரைக்கு அடியில மட்டும் வச்சா தண்ணி நிரம்பினதும் படகு குப்புற கவிழ்ந்து அப்படியே மிதக்கும், ஆள் பிடிக்க இடம் இருக்காது. ரெண்டு பக்கமும் விளிம்புக்குக் கீழ உயரத்துல, அணியத்துலயும் பின்னாடியும் பிரிச்சு வைக்கணும், அப்பதான் சமமா நிக்கும். தெர்மோகோல் வைக்கிறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, பெட்ரோல் பட்டா கரையும், பாலியஸ்டர் ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன் பட்டாலும் கரையும். வெறும் காத்து அறை விட்டு மூடிட்டாலும் ஒரு விரிசல் போதும், மிதப்பு போச்சு. படகு கையில வந்ததும் கரையோரம் ஆழம் கம்மியான இடத்துல என்ஜினுக்குப் பதிலா அதே எடையைக் கட்டி தண்ணியை நிரப்பிப் பாருங்க, நாலு பேர் உக்காருங்க. தட்டு மட்டமா நின்னா சரி. இதைச் செய்யத் தயங்குறவர்கிட்ட காரணம் கேளுங்க.

நிலைப்புக்கு ஒரு எளிய சோதனை உண்டு, முழுத் தளம் போட்ட படகுக்குத்தான் இது பொருந்தும், திறந்த படகுக்கு இல்ல. அடங்கின தண்ணியில சுமையோட படகை ஆட்டி விட்டு, ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை நொடி ஆகுதுன்னு பல ஆட்டத்தோட சராசரி எடுங்க. அந்த நொடி எண்ணிக்கை படகு அகலத்தோட மீட்டர் எண்ணிக்கையை விடக் குறைவா இருந்தா ஆரம்ப நிலைப்பு போதும்னு எடுத்துக்கலாம். 2.5 மீட்டர் அகலப் படகு 3 நொடிக்கு மேல சோம்பலா ஆடி வந்தா மேல கனம் ஏறிடுச்சுன்னு அர்த்தம். திறந்த படகுக்கு, முழுச் சுமை ஏத்தி எல்லா ஆளையும் ஒரே பக்கத்துக்கு அனுப்பி விளிம்புக்கும் தண்ணிக்கும் எவ்வளவு மிச்சம்னு டேப் வச்சு அளங்க. வலை இழுக்கும்போது நடக்கப் போறது அதேதான்.

இதெல்லாம் கட்டுறவரோட உக்காந்து பேசறதுக்கு. கையில வாங்கும்போது என்ன பார்க்கிறது? வெட்டின துண்டு எல்லாத்தையும், துவாரம் போட்டது என்ஜினுக்கு வெட்டினது எல்லாம், எந்த இடத்துல வெட்டினதுன்னு எழுதி வாங்கி வச்சுக்கங்க. ஒண்ணை லேப்ல கொடுத்து எரிச்சு எடை போட்டா கண்ணாடி சதவீதம் வந்துடும், அடுக்கும் எண்ணிடலாம். ஒரு காசை எடுத்து ஓடு முழுக்க தட்டிக்கிட்டே போங்க, நல்ல இடம் கணீர்னு சொல்லும், அடுக்கு பிரிஞ்ச இடம் மொத்தையா சொல்லும், அந்த இடத்தை சாக்பீஸால வட்டம் போடுங்க. பார்கோல் மீட்டர் (லேமினேட்டோட கடினத்தை அளக்கிற கருவி) கிடைச்சா பல இடத்துல அழுத்திப் பாருங்க, ஒழுங்கா வெந்த பாலியஸ்டர் லேமினேட் 35, 40க்குக் குறையாது, 20, 25ன்னு காட்டுற இடம் இன்னும் வேகல. படகு ஓடு மொத்தத்தையும் தொங்கவிட்டு எடை போட முடிஞ்சா இன்னும் நல்லது. ஷெட்யூல்ல இருந்து சதுர மீட்டருக்கு எவ்வளவு வரணும்னு தெரியும், மேல நான் சொன்ன வரிசைக்கு ஜெல்கோட் இல்லாம சுமார் 8 கிலோ, பரப்பளவால பெருக்கிப் பார்த்தா பெரிய வித்தியாசம் தானா மாட்டும்.

ஏற்கனவே கட்டின படகு வச்சிருக்கிற ஒருத்தரும் உங்க கேள்வியோடயே கேட்டிருந்தார், அடித்தட்டு அலையில உள்ள அமுங்கி எழும்புதுன்னு. வெளியில இன்னும் ரெண்டு மேட்டு போடுறதை விட உள்ள ஸ்ட்ரிங்கர் கூட்டுறதுதான் நல்ல வழி. படகைக் கரையேத்தி உள்பக்கம் நல்லா காய விடுங்க, அவசரப்படாதீங்க, வாரக்கணக்கு ஆனாலும் பரவாயில்ல, எண்ணெய், மீன் கொழுப்பு எதுவும் இல்லாம கழுவிட்டு பெயிண்டையும் மேல் மெழுகையும் கண்ணாடி இழை தெரியற வரைக்கும் தேய்ங்க, இருக்கிற ரெண்டு ஸ்ட்ரிங்கருக்கும் நடுவுல ஃபோம் பட்டை வச்சு மேட்டும் ரோவிங்கும் மாத்தி மாத்திப் போட்டு சிறகை அகலமா இறக்குங்க, முனை ரெண்டும் வெறும் தட்டு நடுவுல முடியாம ஒரு வங்குலயோ பல்க்ஹெட்லயோ போய் முடியணும். அடியில ஏற்கனவே விரிசல் இருந்தா முதல்ல அதைச் சுத்தி தடிமனுக்கு 12 மடங்கு தூரம் சரிவா தேச்சு அடுக்கு ஏத்தி மூடிட்டு அப்புறம் ஸ்ட்ரிங்கர் வேலைக்குப் போங்க.